பனிக்காலத்தில் வெளியே போகிறவர்களுக்கு



நீலகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை சற்று ஓய்ந்ததும் நீர்ப்பனி ஆரம்பிக்கும். அதன் பின்னால் உறைபனி வரும். மார்கழியும் தையும் அதன் ஆட்சிதான். காலையில் கதவைத் திறந்தால் புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போட்டோ எடுக்கிறார்கள். நமக்கு அது வேலைக்குப் புறப்படும் நேரம். கேரட் பிடுங்கப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே வேனில் ஏறியாக வேண்டும். பால் கொண்டு போகிறவர், இரவுக் காவல்காரர், முதல் பஸ்ஸின் டிரைவர், தண்ணீர் பிடிக்கப் போகும் அம்மா, இவர்களில் யாருக்கும் “வெயில் வரட்டும், போகலாம்” என்று சொல்ல வழியில்லை.

தேயிலைக் கன்று கருகிவிடக் கூடாதென்று மிலார் வெட்டி வந்து மூடுகிறோம். காய்கறிப் பாத்தியில் பனி தங்கிவிடக் கூடாதென்று விடியற்காலையில் எழுந்து தண்ணீர் தெளிக்கிறோம். செடிக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது நம் உடம்புக்கும், கையில் இருக்கும் குழந்தைக்கும், வீட்டில் இருக்கும் பெரியவருக்கும் காட்ட வேண்டாமா?

“எங்களுக்கு என்னங்க, பொறந்ததிலேர்ந்து இந்தக் குளிர்லதானே கெடக்கோம், பழகிப்போச்சு” என்று சொல்பவர்கள் நிறையப் பேர். பழக்கம் உதவும் என்பது உண்மை. எங்கே வழுக்கும், எப்போது பனி இறங்கும், எதைப் போர்த்த வேண்டும் என்று மலையில் பிறந்தவருக்குத் தெரியும். ஆனால் உடம்புக்குள் இருக்க வேண்டிய சூடு எல்லோருக்கும் ஒன்றுதான், சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 35-க்குக் கீழே இறங்கினால் சமவெளிக்காரரானாலும் மலைக்காரரானாலும் ஆபத்து ஆபத்துதான்.

குளிர் எங்கே தங்குகிறது?

உயரம் ஏற ஏறக் குளிர் கூடும் என்பது தெரிந்த விஷயம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 அல்லது 7 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர். கீழே சட்டையோடு காய்கறி லோடு ஏற்றிய டிரைவர் மேலே வந்து இறங்கும்போது பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்த இடத்தில் இறங்குகிறார். லாரியில் ஒரு கம்பளியாவது கிடக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அவ்வளவாகத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனமாகித் தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் சரிவில் இருக்கும் வீட்டைவிட ஓடையோரத்திலும் பள்ளத்துப் புல்வெளியிலும் பனி அதிகம். உதகையில் காந்தல், தலைகுந்தா பக்கம் போனவர்களுக்கு இது தெரியும். தெர்மாமீட்டரில் 3 டிகிரி, 4 டிகிரி காட்டும்போதே தரையில் உறைபனி படியும், ஏனென்றால் தெர்மாமீட்டர் ஆள் உயரத்துக் கணக்கைச் சொல்கிறது. புல்லும் நம் பாதமும் தரையில் இருக்கின்றன. ஆள் காத்துக்கொண்டு நிற்பதற்கும், வேன் வரும்வரை குழந்தையை வைத்துக்கொண்டு உட்காருவதற்கும் பள்ளமான இடத்தை விட்டுக் கொஞ்சம் மேடான, காற்று படாத இடத்தைப் பாருங்கள்.

ஈரமும் காற்றும்

வெறும் குளிர் மனிதனை அவ்வளவு சீக்கிரம் சாய்ப்பதில்லை. அதோடு ஈரமும் காற்றும் சேரும்போதுதான் வேலை முடிந்துவிடுகிறது. ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தால் 10 டிகிரியில்கூட உடம்பு விறைத்துப் போகலாம். உறைபனி விழவில்லையே என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். காலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தால் இடுப்புக்குக் கீழே பாவாடை, சேலையெல்லாம் பனித்தண்ணீரில் நனைந்துவிடும். மேலே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் கீழே நனைந்திருந்தால் சூடு அந்த வழியாகவே போய்க்கொண்டிருக்கும். இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் ஷீட்டும் ரப்பர் பூட்ஸும் துணி பாழாகாமல் இருக்க மட்டுமல்ல என்பதை நினைவில் வையுங்கள். கேரட் கழுவுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். மணிக்கணக்கில் கை பச்சைத் தண்ணீரில் இருக்கும். ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கித் தருவது வேலை கொடுப்பவருக்குப் பெரிய செலவல்ல. கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது காற்று. உடம்பைச் சுற்றி மெல்லிய சூடான காற்று ஒரு போர்வை போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீசும் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வேனின் திறந்த பின்பக்கத்தில் உட்கார்ந்தால், முகத்தில் படுவது பூஜ்யத்துக்கும் கீழே உள்ள குளிருக்குச் சமம். திறந்த வண்டியில்தான் போக வேண்டியிருந்தால், முன்பக்கத் தடுப்பில் முதுகைச் சாய்த்து, நெருக்கமாக உட்கார்ந்து, மேலே தார்ப்பாயை இழுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரே ஆள் உட்கார வேண்டாம், மாறி மாறி உட்காருங்கள். இருசக்கர வண்டிக்காரர்கள் ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் போட்டால் போதும், மழை இல்லாவிட்டாலும் அது காற்றைத் தடுக்கும்.

மூன்றாவதாக வேர்வையையும் சொல்ல வேண்டும். பாரம் தூக்கி மேடு ஏறும்போது எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறினால் உள்ளே வேர்த்து நனையும். மேலே போய் உட்கார்ந்ததும் அந்த வேர்வையே குளிர்ந்து நடுக்கும். ஏறும் முன் ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டுங்கள். உட்காரும்போது, நடுக்கம் வருவதற்கு முன்பே, திரும்பப் போடுங்கள்.

எதை உடுத்துவது?

கனமான ஒன்றைவிட மெல்லிய மூன்று நல்லது. துணிக்கும் துணிக்கும் நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. தோடர் இன மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போர்த்தி வரும் பூத்துக்குளியைப் பாருங்கள். கெட்டியான துணியை உடம்பு முழுவதும் தளர்வாகச் சுற்றிப் போர்த்துகிறார்கள். துணிக்குள்ளே காற்று தங்குகிறது. இறுக்கிப் பிடிக்கும் உடுப்பில் அது கிடையாது. இரண்டு சாக்ஸ் போட்டுச் செருப்பையோ ஷூவையோ இறுக்கிக்கொள்பவர்களுக்கு ஒரு சாக்ஸ் போட்டவரைவிடக் கால் அதிகம் சில்லிடும், ரத்த ஓட்டம் தடைப்படுவதால்.

பருத்தி நனைந்தால் உபயோகமில்லை. கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் ஓரளவு சூடு தாங்கும். காசு செலவழித்துப் புதிது வாங்க முடியாதவர்கள் பழைய கம்பளி ஸ்வெட்டரை உள்ளேயும், காற்றுத் தடுக்கும் எதையாவது வெளியேயும் போடலாம். சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே நெஞ்சில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வது பழைய டிரைவர்களின் யுக்தி. நல்ல யுக்திதான்.

“காது வழியா பனி உள்ளே போயிரும்” என்று பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள். பனி காது வழியாகப் போவதில்லை. சளி பிடிப்பதும் கிருமியால்தான். ஆனால் காது, மூக்கு நுனி, விரல் இவையெல்லாம் முதலில் சில்லிடும் இடங்கள். ஆகவே பஞ்சை விட்டுவிட்டு மப்ளரையோ குல்லாவையோ காதை மூடும்படி போட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். உடம்பு சூடு உண்டாக்க விறகு வேண்டாமா? ராத்திரிச் சோறானாலும் சரி, களியானாலும் சரி, இரண்டு வாய் சாப்பிட்டுப் போங்கள். தண்ணீர் விஷயமும் முக்கியம். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் சிறுநீர் அதிகமாகப் போகும். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அதனால்தான் நீர்க்கடுப்போடு எங்களிடம் வருகிறார்கள். பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போங்கள். ஒதுங்க மறைவான இடம் கேட்பது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல, நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

கைக்குழந்தையோடு வெளியே போகும் தாய்க்கு

புதன்கிழமை தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்தில் பனிக்காலத்தில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது.

“ஏம்மா, புள்ளையை இப்படிச் சுத்தியிருக்கியே, மூச்சு விட வழி வச்சியா?”

“பனி பட்டா ஆகாதுன்னு அத்தை சொன்னாங்க சிஸ்டர். வரும்போது ஒரே மூடுபனி.”

“போர்த்தினது சரிதான். மூஞ்சியை மூடக் கூடாது. இங்கே கையை வச்சுப் பாரு, உள்ளே துணி என்னமா இருக்கு?”

“ஐயோ, ஈரமா இருக்கே!”

“வர்ற வழியிலேயே ஒண்ணுக்குப் போயிருக்கான். மேலே ரெண்டு கம்பளி இருக்கு, அதனால உனக்குத் தெரியலை. கம்பளிக்குள்ளே ஈரத்தோட ஒரு மணி நேரம் இருந்திருக்கான்.”

“அழவே இல்லையே சிஸ்டர். சமத்தா தூங்கறான்னு நெனச்சேன்.”

இந்த இடத்தில் தாய்மார்கள் நின்று கவனிக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குப் பெரியவர்களைப் போல உடம்பு நடுங்காது. குளிர்ந்து போன குழந்தை முதலில் அழலாம், பிறகு அழுகையை நிறுத்திவிடும். பால் குடிக்காது, துவண்டு கிடக்கும். பார்ப்பவருக்குத் தூங்குவது போல இருக்கும். எனவே அழவில்லை என்பதை நல்ல அடையாளமாக வைத்துக்கொள்ளாமல் தொட்டுப் பாருங்கள். புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது என்று அர்த்தம். உடனே சூடு தர வேண்டும். வயிறும் சில்லென்று இருந்தால் அது ஆபத்து நிலை. மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

சூடு தருவதற்கு தாயின் நெஞ்சைவிடச் சிறந்த கருவி கிடையாது. குழந்தைக்குக் குல்லாவும் சாக்ஸும் இடுப்புத் துணியும் மட்டும் இருக்கட்டும். மற்றதைக் கழற்றி, தாயின் வெறும் மார்பில், தவளை போலக் கைகால் மடங்கியிருக்க, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, மேலே ரவிக்கை, ஸ்வெட்டர், சால்வை எல்லாவற்றையும் மூடிக்கொள்ள வேண்டும். மூக்கு வெளியே தெரிய வேண்டும். இதற்கு கங்காரு தாய் முறை என்று பெயர். 1978-ஆம் ஆண்டு தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளை வைக்க வேண்டியிருந்த நிலையில், எட்கர் ரே என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் எடை குறைந்த குழந்தைகளுக்கு இதுவே சிபாரிசு. இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையை மலைப் பாதையில் எங்காவது எடுத்துப் போக வேண்டியிருந்தால் தனியாகக் கம்பளியில் சுற்றிக் கொண்டு போவதைவிட இப்படி எடுத்துப் போவது எவ்வளவோ மேல். அப்பாவின் நெஞ்சும் இதே வேலையைச் செய்யும். வெட்கப்படுகிற அப்பாமார்களுக்காகவே இதைத் தனியாகச் சொல்கிறோம்.

குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரியது. குல்லா இல்லாத தலை வழியே சூடு நிறையப் போகும். அதற்காக மூச்சு முட்டும்படி அடுக்கவும் வேண்டாம். நாம் எத்தனை உடுத்தியிருக்கிறோமோ அதைவிட ஒன்று கூடுதலாக, அவ்வளவுதான். கழுத்துக்குப் பின்னால் வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கையில் மாற்றுத் துணி இரண்டு இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். இருசக்கர வண்டியில் குழந்தையை முன்னால் உட்கார வைத்துப் போவதைப் பனிக்காலத்தில் அறவே விட்டுவிடுங்கள். தடுப்பூசிக்கு மூடுபனி கலைந்த பிறகு வந்தால் போதும், நர்ஸம்மா ஓடிவிட மாட்டார்.

இன்னும் சில வீடுகளில் குளிருக்கென்று குழந்தைக்கு ஒரு சொட்டு பிராந்தி தொட்டு வைக்கிறார்கள். அது சூடு அல்ல, விஷம். கட்டிலுக்கு அடியில் நெருப்புச் சட்டி வைப்பதும் வேண்டாம். பிறந்த குழந்தையை முதல் நாளே குளிப்பாட்டாதீர்கள். ஒரு நாள் முழுதும் போகட்டும். எடை குறைந்த குழந்தையென்றால் நர்ஸம்மா சொல்லும்வரை துடைத்துவிட்டால் போதும்.

வயதானவர்கள்

குளிரில் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். ரத்தக் கொதிப்பு ஏறும். இருதயத்துக்கு வேலை கூடும். மாரடைப்பும் பக்கவாதமும் குளிர் காலத்தில் அதிகம் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. மார்கழியில் நாலு மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் தலை முழுகிக் கோயிலுக்குப் போகும் பெரியவர்கள் உண்டு. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர், நெஞ்சுவலி வந்தவர், மூச்சிரைப்பு உள்ளவர் வெதுவெதுப்பான நீரில் குளித்து, தலையை நன்றாகத் துவட்டிய பிறகு புறப்படட்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

காலை நடைக்கு வெயில் வந்த பிறகு போனால் போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் மப்ளரை மூக்கும் வாயும் மூடும்படி சுற்றிக்கொண்டு, மூக்கு வழியாகவே மூச்சு விடுங்கள். இன்ஹேலரை வெளிப்பையில் வைக்காமல் சட்டையின் உள்பையில் வையுங்கள். அது சில்லிட்டால் மருந்து சரியாக வராது. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கை, தாடை பக்கம் வலித்தாலோ “வாயு” என்று இஞ்சிச் சாறு தேடிக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைவு. கால் சில்லென்று இருக்கிறதே என்று நெருப்பருகே நீட்டினால் சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகே தெரியும். சாக்ஸ்தான் அவர்களுக்கு நல்லது. குளிரில் ஈரத்தில் வேலை செய்துவிட்டு வந்து உடனே நெருப்பில் கை கால் காட்டுகிற மற்றவர்களுக்கும் விரல்களில் சிவந்து வீங்கி, அரித்து எரியும். மெதுவாக, துணியால் மூடிச் சூடு பண்ணினால் இது குறையும்.

“ஒரு கட்டிங் போட்டா குளிர் பறந்துடும்”

பறப்பது குளிர் அல்ல, உடம்புச் சூடு. குளிரில் சூட்டைக் காப்பதற்காகத் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன என்று சொன்னோமல்லவா? சாராயம் அந்தக் கதவைத் திறந்துவிடும். உள்ளே இருக்கும் சூடான ரத்தம் தோலுக்கு வரும். முகம் ஜிவ்வென்று இருக்கும், அதைத்தான் சூடு என்று நினைக்கிறோம். அந்தச் சூடு அப்படியே வெளிக்காற்றில் போய்விடும். நடுக்கமும் குறையும், புத்தியும் மழுங்கும். குடித்துவிட்டுப் பனியில் வழியோரம் படுத்தவருக்கு எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்றே தோன்றாது. அப்படிப் படுத்திருப்பவரைக் கண்டால் “போதையில கெடக்கான்” என்று தாண்டிப் போகாதீர்கள். அந்த மாதத்தில் அவர் போதையில் மட்டும் கிடப்பதில்லை.

குளிர் காய்வது

இரவுக் காவலிலும் பஸ் நிலையத்திலும் நெருப்பு மூட்டிக் குளிர் காய்வது நம் ஊர் வழக்கம். தப்பில்லை. பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்காதீர்கள். காற்று வரும் பக்கமாக உட்காருங்கள், புகை உங்கள் மேல் வராது. நைலான், பாலியெஸ்டர் உடுப்பு தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சேலைத் தலைப்பையும் சால்வை நுனியையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். வெளியே காய்ந்துவிட்டு, மிச்சக் கங்கை ஒரு சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலை அடைத்துப் படுப்பது. லாட்ஜ் அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கரி அடுப்பை எடுத்துப் போகும் சுற்றுலாப் பயணிகளும் இதையே செய்கிறார்கள். கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். புகை அடங்கிவிட்டதே, வெறும் கங்குதானே என்று நினைப்பதுதான் தவறு. என்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டிக்குள் தூங்கும் டிரைவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரே அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், வாந்தி என்றால் சாப்பாட்டைச் சந்தேகப்படும் முன் அடுப்பைச் சந்தேகப்படுங்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள்.

பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள்

உடம்புச் சூடு இறங்க இறங்க மூளையும் மந்தமாகிறது. ஆகவே விறைத்துக்கொண்டிருப்பவருக்குத் தன் நிலை தெரியாது. கேட்டால் “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். அந்த வார்த்தையை நம்பாமல் அவர் கையைப் பாருங்கள். பொத்தான் போட முடியவில்லையா? கத்தி நழுவுகிறதா? பேச்சு குழறுகிறதா? நேரான பாதையில் தடுமாறுகிறாரா? காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா, அல்லது பேசாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாரா? இதில் ஒன்று தெரிந்தாலும் வேலையை நிறுத்துங்கள். பனிக்காலத்தில் தனியாக ஆளை அனுப்பாமல் இரண்டிரண்டு பேராக அனுப்பும்படி மேஸ்திரிகளை நாங்கள் கேட்டுக்கொள்வதும் இதற்காகத்தான்.

நடுக்கம் நல்ல அறிகுறி. உடம்பு இன்னும் போராடுகிறது என்று பொருள். உதறிக்கொண்டிருந்தவர் சூடு கிடைக்காமலே உதறலை நிறுத்திவிட்டால் நிலைமை மோசமாகிறது. சிலர் அந்த நிலையில் “சுடுது” என்று போர்வையைத் தள்ளுவார்கள், சட்டையைக்கூடக் கழற்றுவார்கள். பேய் பிடித்ததென்று எண்ணி வேப்பிலை தேட வேண்டாம்.

முதலில் அவரைக் காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டு வாருங்கள். ஈரத் துணியைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததைப் போர்த்துங்கள். மேலே போர்த்துவதோடு நிற்காமல் கீழேயும் சாக்கு, சருகு, கம்பளி எதையாவது விரியுங்கள், தரையும் சூட்டை உறிஞ்சும். தலைக்குக் குல்லா போடுங்கள். முதலில் சூடு வேண்டியது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் நெஞ்சிலும் வையுங்கள். பாட்டில் இல்லாவிட்டால் இன்னொருவர் ஒட்டிப் படுத்துக்கொள்ளலாம். நினைவு தெளிவாக இருந்து, தானே விழுங்க முடிந்தால், சர்க்கரை தூக்கலாகச் சூடான டீ கொடுங்கள். நினைவு மங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கை காலை அழுத்தித் தேய்க்க வேண்டாம். பரபரவென்று தேய்ப்பதும், பிடித்து நடக்க வைப்பதும், வெந்நீரில் உட்கார வைப்பதும், நெருப்பருகே இழுத்துக்கொண்டு போவதும் அன்பால் செய்கிற காரியங்கள்தான். ஆனால் மிகவும் விறைத்துப் போனவருக்கு அவற்றால் இருதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மல்லாந்து படுக்க வைத்து, பச்சைக் குழந்தையைக் கையாளுவது போல மெதுவாகக் கையாளுங்கள். விறைத்தவருக்கு நாடி மிகவும் மெலிந்து, மூச்சு நிமிடத்துக்குச் சில தடவையே வரும். முழுசாக ஒரு நிமிடம் பார்க்காமல் “போயிட்டார்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குளிர்ந்து கட்டையாகக் கிடந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சூடேற்றிய பிறகு பிழைத்திருக்கிறார்கள். மூச்சு இல்லையென்றால், நெஞ்சை அழுத்தும் முதலுதவி தெரிந்தவர் ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் செய்யட்டும்.

108-க்குப் போன் செய்ய எந்த போனிலும் காசில்லை. சிக்னல் கிடைக்காத பள்ளமாக இருந்தால் ஒருவரை மேட்டுக்கு அனுப்புங்கள். எஸ்டேட் பெயர், டிவிஷன், பக்கத்து ஹட்டி அல்லது பஸ் நிறுத்தம், வண்டி எதுவரை வரும் என்பதைச் சொல்லுங்கள். மூடுபனியில் டிரைவருக்குத் திருப்பம் தெரியாது. ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் போய் நிற்கட்டும், அவரும் நன்றாகப் போர்த்திக்கொண்டு.